ஒரே படகிலிருந்து மூன்று பேரை எடுத்த வருடம்

பலாலி வீதியால் யாழ்ப்பாணப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். திருநெல்வேலிச் சந்தை பின்னால் போய்விட்டது. தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சறம், அணியின் பெயர் போட்ட ஒரு ரீசேட். அன்று பின்னேரம் உதைபந்தாட்ட மச்சில் வென்றிருந்தோம். வென்ற அணியை விட்டு ஏன் நடந்தாய் என்று, அணிக்கு ஆள் பார்க்கிற இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆள் எடுத்த நாள்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றினேன், புத்தூரில் வெங்காயம் கிண்டினேன், ஐஸ்கிறீம் விற்கிற வானில் ஊர் ஊராகப் போனேன். ஒரு வேலையில் ஆறு மாதம் தாண்டினால் கால் உளையும். போன இடமெல்லாம் பின்னேரத்தில் மைதானத்தில் நின்று உதைபந்தாட்டம் பார்ப்பேன். அதுதான் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது.

சம்பளத்துக்கு விளையாடும் லீக் ஒன்று புதிதாகத் தொடங்கியது. எங்கள் அணியின் மனேஜர் கனடாவிலிருந்து வந்தவர். "நீர் ஊரெல்லாம் திரிஞ்ச ஆள். ஆரை எடுக்கலாம் எண்டு நீர்தான் சொல்லோணும்" என்றார். அணியின் வானையும் நான்தான் ஓட்ட வேண்டும், உடுப்பும் தோய்க்க வேண்டும்.

ஒரு மண்டபத்தில் அணிகள் எல்லாம் இருந்து, முறைக்கு ஒருவராக ஆள் எடுத்தார்கள். அதை டிராஃப்ட் என்றார்கள். மற்றவர்கள் பெயர் பெற்றவர்களை எடுத்தார்கள். நான் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கு ஊரிலிருந்து மூன்று பேரைச் சொன்னேன். கோல்காப்பாளர் அன்ரன், நடுவில் யூட், முன்னால் றெஜி. மூவரும் றெஜியின் படகில் ஒன்றாகத் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒருவன் எங்கே நிற்பான் என்று மற்றவன் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் போடுவான்.

"மூண்டும் ஒரு வள்ளமோ? கவிண்டா எல்லாம் கவிழும், ஐசே" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

கவிழவில்லை. விடிய வலை எடுத்துவிட்டு நேரே பயிற்சிக்கு வருவார்கள். லீக்கில் கடைசி மச் வரைக்கும் முன்னணியில் நின்றோம்.

பெருநாள் மச்

மழையால் அந்தக் கடைசி மச் தள்ளிப்போய், அவர்களுடைய பங்குக் கோயில் பெருநாளில் வந்து விழுந்தது. அன்று அவர்கள் ஊர்க் கழகத்துக்கும் பக்கத்துப் பங்குக்கும் பெருநாள் கிண்ணத்துக்கான மச். அதுவும் அதே பின்னேரம்.

"மூண்டு பேரையும் ஏத்திக்கொண்டு வாரும். ஏலாட்டி நீரும் வரவேண்டாம்" என்றார் மனேஜர்.

போனபோது மூவரும் ஊர்க் கழகச் சட்டையோடு நின்றார்கள்.

"வானை நிழலிலை விடுங்கோ அண்ணை. முடிய வாறம்" என்றான் றெஜி.

"நீங்கள் முடிக்க, அங்கையும் முடிஞ்சிடும்."

"அப்ப எங்களை விட்டிட்டு விளையாடட்டும். பெஞ்சிலை சில பேர் சும்மா இருந்து காற்சட்டை தேய்க்கிறாங்கள்தானே."

"ஆள் காணாட்டி மனேஜரையும் இறங்கச் சொல்லுங்கோ" என்றான் யூட். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்ரன் சிரிக்கவில்லை. மாலைதீவுக் கழகம் ஒன்றிலிருந்து கோல்காப்பாளர் தேடி அன்றைக்கு எங்கள் லீக் மச்சுக்கு ஆள் வருவது அவனுக்குத் தெரியும். அவனை ஒரு பக்கம் கூட்டிப்போனேன்.

"றெஜிக்கு இன்னும் ஆறேழு வருசம் கிடக்கு. உனக்கு முப்பத்திநாலு. இண்டைக்கு விட்டா ஆர் வந்து பார்க்கப்போறான்?"

"ஒருத்தரும் வராயினம். தெரியும்."

"பிறகென்ன?"

"ஊரிலை கதைப்பினம், அண்ணை."

"கதைக்கட்டும். பிறகு மறந்திடுவினம்."

"நீங்கள் ஊரில்லாத ஆள். உங்களுக்கு அது லேசு."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றான். பிறகு வான் பக்கம் நடந்தான். றெஜி கத்தவில்லை. "அன்ரன், ஏறினா ஏறினதுதான்" என்றான். அன்ரன் ஏறினான். நான் வானை எடுத்தேன்.

அன்ரன் தண்டனை உதை ஒன்றைத் தடுத்தான். ஒரு கோலால் வென்று லீக்கையும் எடுத்தோம். மாலைதீவுக்காரர் அவனோடு நெடுநேரம் கதைத்தார். ஊர் மைதானத்தில் யூட் கோலுக்குள் நின்று நான்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. அன்ரன் ஊருக்குப் போகாமல் எங்கள் அறையிலேயே தங்கிவிட்டான்.

மனேஜர் என் தோளில் தட்டினார். "அடுத்த வருசமும் நீர்தான் ஆள் பார்க்கிறீர். மற்ற ரெண்டு பேரையும் வெட்டியாச்சு. நாளைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாரும்."

வான் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தேன்.

அந்த வருட ஆள் எடுப்பு நல்லதா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அன்ரன் மாலைதீவில் இரண்டு வருடம் விளையாடினான். இப்போது கொழும்பில் பயிற்சி கொடுக்கிறான். மனைவி பிள்ளையும் அங்கேதான். பெருநாளுக்கு வருவதில்லை. றெஜியையும் யூட்டையும் பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை. லீக் கிண்ணத்தைப் பார்த்தால் நல்ல எடுப்பு. ஆள் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒருவன் உங்களிடம் வந்தால் அவன் ஊரில் எந்த இடம் வெறுமையாகும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

விடிய

அன்றிரவு நடந்து நடந்து, விடியும்போது அவர்கள் ஊர்க் கரையில் நின்றேன். றெஜியும் யூட்டும் படகில் இருந்தார்கள்.

"என்ன அண்ணை, வெட்டிப்போட்டாங்களோ?" என்றான் றெஜி.

"ஓம். ரெண்டு பேரையும்."

"இதைச் சொல்லவோ விடியவே வந்தனீங்கள்?"

"நானும் விட்டிட்டன்."

"அப்ப மூண்டு பேர்" என்றான் யூட்.

றெஜி இயந்திரத்தை இழுத்துப் பார்த்தான், நிறுத்தினான். "நீந்தத் தெரியுமோ?"

"கொஞ்சம்."

"வலை இழுத்திருக்கிறீங்களோ?"

"இல்லை."

"ரெண்டு பேராலை உந்த வலை இழுக்க ஏலாது. ஏறுங்கோ."

சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, அன்ரன் நிற்கிற இடத்தில் நின்றேன்.