வெர்னன் பாதியாக்கிய நான்கு கோர்

நேற்று வெர்னன் ஹால்வர்சனைப் புதைத்தோம். அலுவலகத்திலிருந்து வந்தது நான் ஒருவன்தான்.

அமெரிக்காவில், டுலூத் நகரில் எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவர் பத்தொன்பது வருடம் ஒரே வேலையைப் பார்த்தார். பெரிய சர்வர்களுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளில் எதற்கு எத்தனை கோர், அதாவது செயலியின் எத்தனை கூறுகள், என்று பிரித்துக் கொடுப்பது. யார் எவ்வளவு கேட்டாலும் பாதிதான் தருவார். அது தெரிந்ததால் எல்லோரும் இரண்டு மடங்கு கேட்பார்கள். எட்டு கேட்டவருக்கு நான்கு கிடைக்கும். தேவையும் நான்காகத்தான் இருக்கும்.

"கேக்கறதெல்லாம் குடுத்தா, ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கிட்டே எல்லாம் படுத்துடும்" என்பார். அது உண்மைதான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இனெஸ் புதிதாக வந்தாள். தன் கூடத்துக்கு எவ்வளவு தேவை என்று இரண்டு வாரம் அளந்து பார்த்துவிட்டு, 'ஒரு சாக்கெட், அதில் நான்கு கோர்' என்று விண்ணப்பித்தாள். மென்பொருள் உரிமத்துக்குக் காசு சாக்கெட் கணக்கில், அதாவது செயலி பொருத்தும் இடங்களின் எண்ணிக்கையில்தான் என்பதைப் படித்துவிட்டுக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அளந்த வரைபடத்தையும் இணைத்திருந்தாள். விண்ணப்பம் முதலில் என்னிடம்தான் வந்தது. திறந்து பார்த்தேன்; இவள் கூட்டிக் கேட்கவில்லை என்று புரிந்தது. ஒரு வரிகூட எழுதாமல் வெர்னனுக்குத் தள்ளினேன். அவர் வரைபடத்தைத் திறக்காமலே இரண்டு கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பரிசோதனை முடிவுகள் தேங்கின. அவசரப் பிரிவில் ஒரு நோயாளியின் முடிவு நாற்பது நிமிடம் தாமதமானது. அவர் பிழைத்துக்கொண்டார். யார் வேலை போகும் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

விசாரணையில் மேலாளர், வரைபடத்தைப் பார்த்தீர்களா என்று என்னிடம் கேட்டார். வருவதை அப்படியே அனுப்புவதுதான் என் வேலை, திறக்கவில்லை என்றேன். வெர்னன் என்னைப் பார்த்தார். அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வாகன நிறுத்தத்தில் தன் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது சொன்னார்:

"நீ வரைபடத்தைத் திறந்த நேரம் விண்ணப்பத்துலயே பதிவாயிருக்கு. நான் பாத்தேன்."

விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ரெண்டு தலை வேணுமாம். நான் என்னைக்கு கேட்டதைக் குடுத்திருக்கேன்?"

சிரிக்காமல்தான் சொன்னார். அதன் பிறகு என் அழைப்பு எதையும் எடுக்கவில்லை.

இப்போது அவர் நாற்காலியில் நான். வருவதையெல்லாம் பாதியாக்குகிறேன். வரைபடம் இருந்தால் திறந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன், யாரும் அனுப்புவதில்லை.

இனெஸும் இப்போது எட்டு கேட்கிறாள்.