கொடிக்கயிற்றுக்குப் பின்னால் ஒரு முகம்

மனிதர்களைப் படமெடுப்பதில் எனக்கு விருப்பம் இருந்ததில்லை. கமராவைக் கண்டதும் ஆட்களின் முகம் மாறிவிடும். அதன்பின் எடுப்பது அவர்களையல்ல என்பது என் எண்ணம். கந்தோரில் வேலை இல்லாத நாட்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில் பாறைகளையும் அலைகளையும் எடுத்துத் திரிந்தேன். யுத்தம் கொழும்புக்குள்ளும் வந்த பிறகு, கடலோரத் தண்டவாளத்தருகே கமராவுடன் நிற்கும் தமிழன் அலையைத்தான் எடுத்தான் என்று யார் நம்புவார்? ஒருமுறை பொலிஸார் பிலிமை உருவி வெயிலில் பிடித்தார்கள். அதோடு கமராவை வெளியே கொண்டுபோவதை விட்டேன். மாடிப் பல்கனியில் நின்று காகங்களையும், பக்கத்து வீட்டு முற்றத்தில் காயும் துணிகளையும் எடுத்தேன்.

அந்த வீட்டின் பின்னறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தாயும் மகனும் வாடகைக்கு இருந்தார்கள். கனடா போகக் காத்திருந்தவர்கள். ஒரு விடியற்காலை ஆமியின் சுற்றிவளைப்பில் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு எந்தப் பொலிஸில் விசாரித்தாலும் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள்.

அந்தத் தாய் மாடியேறி என்னிடம் வந்தார்.

“தம்பி, நீங்கள் படம் எடுக்கிறனீங்களெல்லோ. என்ரை பிள்ளையை எப்பவாவது எடுத்தனீங்களோ?”

“இல்லை அன்ரி. உங்களிட்ட ஒரு படமும் இல்லையோ?”

“அல்பமெல்லாம் இடம்பெயரேக்கை வீட்டோட அழிஞ்சு போச்சுது. பிள்ளையின்ரை பாஸ்போர்ட் கனடாவுக்கு அனுப்புற ஏஜென்ஸிக்காரனிட்ட, அந்த ஆளையும் காணேல்லை. படம் இல்லாமல் ஆரைத் தேடுறது எண்டு கேக்கினம்.”

நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொடிக்கயிற்றில் ஒரு காகம். அதன் பின்னால், ஈரச் சேர்ட்டுகளுக்கு இடையில், அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்தபோது அவனை நான் கவனிக்கவே இல்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பழக்கமான ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோனேன். “பெருசாக்கினா முகம் புள்ளி புள்ளியாத்தான் வரும் சேர்” என்றார். அப்படித்தான் வந்தது. ஒரு கண்ணைச் சேர்ட்டுக் கை மறைத்திருந்தது. தாய் அதைக் கையில் வாங்கி, முகத்தில் விரல் படாமல் நெடுநேரம் பார்த்தார்.

“இவன்தான். பாருங்கோ, தலையைச் சீப்பால இழுக்காமல் நிக்கிறான்.”

அவருக்குச் சிங்களம் தெரியாது. நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னாலிருந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூன கோ?” என்றார். முகம் எங்கே என்கிறார்.

“என்ன சொல்லுறார் தம்பி?” என்று தாய் கேட்டார்.

“பாத்துச் சொல்லுறாராம் அன்ரி” என்றேன்.

மகன் திரும்பவே இல்லை. தனக்குக் கனடா விசா வந்தபோதும் தாய் போக மறுத்துவிட்டார். அவன் வந்தால் அறை பூட்டியிருக்கக்கூடாதாம்.

இந்தக் கதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பரவியது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் என் பல்கனிக்கு வரத் தொடங்கினார்கள். தகப்பன்மார் தலைவாரிய மகன்மாரைக் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். “சிரிக்காதை. நேரா பார். காது தெரியட்டும்” என்று ஒரு தகப்பன் சொன்னார்.

எல்லோரும் போனபின் ஒருநாள் மனைவி, “நீங்களும் நில்லுங்கோ” என்று கமராவை வாங்கிக்கொண்டாள். போய் நின்றேன். கமரா அசைந்ததால் படம் கலங்கியே வந்தது. மறு வாரம் திரும்பவும் எடுத்தோம்.