தூரத்துத் திரைக்கு அனுமதி உண்டா?

எல்லாரும் படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிற உரிம நிபந்தனைகளைக் கடைசி வரி வரைக்கும் படிப்பதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி. பெர்லினில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் எனக்கு வேலை. வாடிக்கையாளரின் கணினியை வேறிடத்திலிருந்து இயக்க வழிசெய்து கொடுப்பேன். இதே வேலையில் கண் நொந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

படுக்கையிலிருந்து

திருமதி லிண்ட்னர் தனியாளாக வரிக்கணக்கு அலுவலகம் நடத்தியவர். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில், படுக்கையை விட்டு எழும்பவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அலுவலகத்தைப் பூட்டினால் வாடிக்கையாளர்கள் வேறிடம் போய்விடுவார்கள். அலுவலகக் கணினியை வீட்டு மடிக்கணினியில் திறந்து தருகிறேன் என்றேன். “கணக்கு மென்பொருளுக்கு ஒரு கணினிக்குத்தானே உரிமம்? இது இரண்டாவது ஆகாதா?” என்று பயந்தார்.

ஒப்பந்தத்தைப் படித்தேன், விற்றவர்களிடமும் கேட்டேன். மென்பொருள் ஓடுவது அலுவலகத்தில்தான், வீட்டுக்கு வருவது திரை மட்டுமே, வழக்கமாகப் பாவிப்பவர் தூரத்திலிருந்தும் பாவிக்கலாம் என்றார்கள். மகள் சுகமாகப் பிறந்தாள். பார்க்கப் போன என்னிடம் அவர் சொன்னார்: “நான் படித்த எத்தனையோ சட்டங்களில், என்னைப் படுத்துக்கொள்ள விட்டது இது ஒன்றுதான்.”

கடையா, வீடா?

பெர்லினின் நொய்கெல்ன் பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த சாந்தி அக்கா, தாயின் ஒப்பரேசனுக்காக யாழ்ப்பாணம் போனார். கடைக் கணினியைத் தொட்டே அறியாத அவர் கணவர் தனியே நின்றார். நான் என் அறையிலிருந்தே உதவலாம் என்று ஓர் இலவச மென்பொருளைப் பார்த்தால், வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்று போட்டிருந்தது.

“கடைக்குப் பின்னாலதானே தம்பி நாங்கள் இருக்கிறம். அப்ப இது வீடுதானே?”

“பில் அடிக்கிறது கடைக்கு அண்ணை. ஏலாது.”

காசு கொடுத்து வாங்குவதென்றால் கடைக்குக் கட்டாது. அக்கா திரும்பி வரும்வரை பின்னேரங்களில் நானே நேரில் போனேன். ஒவ்வொரு நாளும் அண்ணை புட்டும் மீன்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். தனி அறையில் காய்ந்த பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான். கடைசி நாள் கை கழுவும்போது அண்ணை சொன்னார்: “உந்த இலவசம் சரிவந்திருந்தா நீர் இஞ்ச சாப்பிட வந்திருப்பீரே?”

ஒரே ஓர் ஆள்

பிறகு எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். கிண்டர்கார்டனில் அவளுக்குக் கொப்புளிப்பான் அம்மை தொற்றியபோது, மனைவி புது வேலையில் சேர்ந்த சமயம். லீவு கேட்க முடியாது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் நிறுவனத்தின் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இணையலாம். அந்த இடத்தில் நாள் முழுக்க இருந்தவர் ஊவ என்ற சக ஊழியர், என்னைவிட மூத்தவர்.

தயங்கித் தயங்கி அவருக்கு நிலைமையைச் சொன்னேன். அவர் தன் இணைப்பைத் துண்டித்து எனக்கு விட்டுவிட்டுக் கோட்டை மாட்டினார். மகள் தேறும்வரை, பனியில் வழுக்கி வழுக்கி வாடிக்கையாளர் வாசல்களுக்கு அவரே போய்வந்தார். நான் நன்றி சொல்ல வாயெடுக்கவும் தடுத்துவிட்டார்: “ஒருவர் என்றுதான் போட்டிருக்கிறது. அது நானாகத்தான் இருக்க வேண்டுமென்று எந்த வரியில் இருக்கிறது?”

நிபந்தனைகளை வரிவரியாகப் படித்ததில் எனக்கு மிஞ்சியது தடித்த கண்ணாடியும், எந்த நிபந்தனையும் போடாத சில மனிதர்களும்.