ஊரைச் சொல்லி ஆடிய டீம்

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்குவதிலிருந்து மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறவரை என் பொறுப்பு. அந்த ஒரே தகுதியை வைத்துத்தான் என்னைக் கூடைப்பந்து டீமுக்கு மேனேஜர் ஆக்கினார்கள். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கூடைப்பந்தில் ஒரு கூடைக்கு எத்தனை புள்ளி என்றுகூட எனக்குத் தெரியாது. எச்.ஆர். அதிகாரியிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

"ஆட்டத்த கோச் மேடம் பாத்துப்பாங்கண்ணா. நீங்க ஆளுங்கள பாத்துக்குங்க. நம்ம டீம்ல ஆளுதான் பிரச்சன," என்றார்.

ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. விளையாடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து, வருஷ ஒப்பந்தத்தில் ஆட்களை எடுத்து வைத்திருந்தார்கள். காலையில் லைன் வேலை, மதியத்துக்குமேல் பயிற்சி. சுற்று வட்டாரக் கம்பெனிகளுக்குள் நடக்கிற லீக்கில் தோற்றுத் தோற்று, நல்ல ஆட்கள் சிலர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷம் அரையிறுதிக்காவது போகவில்லை என்றால் டீமை மூடிவிடுவது என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். மூடினால் ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அதில் எனக்கு அதிகக் கவலை கேப்டனைப் பற்றித்தான். தூத்துக்குடிக்காரர். மனைவியும் மகளும் அங்கே, இவர் இங்கே படப்பையில் ஒரு ரூமில். மகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும், குடும்பம் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "கான்ட்ராக்ட் நிக்குமான்னு தெரியாம எப்படி அண்ணாச்சி கூட்டிட்டு வர?" என்பார்.

டீமைப் புதிதாக அமைக்கிறபோது முதலில் கழிக்க வேண்டிய ஆள் அவர்தான் என்று எச்.ஆர். அதிகாரி நினைத்தார். முழங்கால் அவருக்கு அவ்வளவு நன்றாக இல்லை. கோச் மேடம் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் கொஞ்சம் காரம்.

"முட்டிதான் சார் போச்சு, கண்ணு போவல. அவரு இருக்கட்டும். எனக்கு ஒசரமா ஒருத்தன், வேகமா ஒருத்தன், ரெண்டு பேரக் குடுங்க."

உயரமான ஆளை நான் எங்கள் குடோனிலேயே கண்டேன். ஒடிசாக்காரர். மற்றவர்கள் ஸ்டூல் போட்டு எடுக்கிற பெட்டியை நின்றபடியே எடுத்துக்கொண்டிருந்தார். கோச் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பால் புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அவருக்குப் புரியவில்லை. மேடம் பந்தைத் தூக்கி எறிந்தார். அவர் ஒற்றைக் கையில் பிடித்தார். "போதும், மிச்சத்த நான் சொல்லிக்குடுக்கிறேன்," என்றார் மேடம். வேகமான ஆள் ராஜபாளையத்திலிருந்து வந்தார். குள்ளம். ஆனால் பந்தோடு ஓடினால் கால் தரையில் படுவதே தெரியாது.

அப்படி ஆளைச் சேர்த்தும் முதல் பயிற்சி ஆட்டத்தில், ஒரு காலேஜ் டீமிடம் மானம் போய்விட்டது. கோளாறு என்னவென்று எனக்கே புரிந்தது. எங்கள் ஆட்கள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அண்ணா! அண்ணா, இங்க!" என்று ஒருவன் கத்தினால் நாலு பேர் திரும்பினார்கள். போதாக்குறைக்கு ஒடிசாக்காரர் எல்லாரையும் "பாய், பாய்" என்றார். அவர் ஊரில் அது அண்ணன் தம்பி என்று அர்த்தம். எங்கள் டீமிலோ மாத்தூரிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் தம்பியை எல்லாருமே பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒடிசாக்காரர் கேப்டனைப் பார்த்து "பாய்!" என்று கத்தினால், மாத்தூர்த் தம்பி எங்கிருந்தாலும் ஓடி வந்து நின்றார். அந்தக் காலேஜ் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோச் மேடம் விசிலை ஊதி எல்லாரையும் நிறுத்தினார்.

"இன்னாடா இது, கல்யாண வூடா? அண்ணன் தம்பின்னு மொற சொல்லிக்கினு கீறீங்க! பேரச் சொல்லிக் கூப்புடுங்கடா!"

"கேப்டன எப்டி மேடம் பேரச் சொல்றது? எவ்ளோ பெரியவரு," என்றார் மாத்தூர்த் தம்பி.

"அப்ப முதுகுல இருக்கற நம்பரச் சொல்லு."

நம்பரும் சரிப்படவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் யாருக்கு எந்த நம்பர் என்று யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

அன்று ஷிப்ட் பஸ்ஸை விட்டுவிட்டு ஒரகடம் கூட்ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் வழக்கம்போல் "படப்பை படப்பை!" "வல்லம் வல்லம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை இரைச்சலிலும் ஒருவர்கூட வண்டி மாறி ஏறவில்லை. ஊரைச் சொன்னால் போதும், கால் தானாகப் போகிறது. ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் வீட்டுக்காரி இந்த வயதிலும் என் பேரைச் சொன்னதில்லை. அவ்வளவு ஏன், பெருமாளையே திருவேங்கடத்தான் என்று இருக்கிற இடத்தை வைத்துத்தானே கூப்பிடுகிறோம்? அதில் மரியாதை குறைந்தா போய்விட்டது?

மறுநாள் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். பந்து வேண்டுகிறவன், தான் பஸ் ஏறுகிற ஊரைச் சொல்லிக் கத்தட்டும். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "செஞ்சிதான் பாப்போமே," என்றார்.

கேப்டன் படப்பை ஆனார். முஸ்லிம் தம்பி மாத்தூர். ஒடிசாக்காரர் தங்கியது இருங்காட்டுக்கோட்டையில். அவ்வளவு நீளமாகச் சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும் என்று வெறும் கோட்டை ஆக்கினோம். ராஜபாளையத்துக்காரர் ரூம் எடுத்திருந்தது எங்கள் ஊரான சேரப்பணஞ்சேரியில். அவர் சேரா. ஒரகடத்தில் ஒரே ரூமில் இருந்த இரண்டு பேருக்குச் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் ஒருவன் ஒரகடம், இன்னொருவன் கடம் என்று முடிந்தது. "நான் இன்னாத்துக்குண்ணா கடம்? வாசிக்கவா வந்தேன்?" என்று அந்தத் தம்பி என்னிடம் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

லீக்கில் சில ஆட்டம் ஜெயித்தோம், சிலதில் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அரையிறுதி, இல்லையென்றால் மூட்டை என்று வந்து நின்றது. அன்று காலையில் ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போய் உடையவர் சந்நிதியில் நின்றேன். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எதிரே ஆடுகிறவனும் சம்பளத்துக்கு ஆடுகிறவன்தானே. எங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் ஆட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் எதிர்ப் பக்கத்து ஆட்கள் கேலி பண்ண ஆரம்பித்தார்கள். "டேய், இது இன்னா ஷேர் ஆட்டோ ஸ்டாண்டா? தாம்பரம் போவுமாடா?"

எங்கள் ஊரிலிருந்து சிலர் என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். அவர்கள் காதில் 'சேரா' விழுந்தது.

"இன்னாபா, நம்ம ஊரு பேரு வருது?" என்றார் என் பெரியப்பா மகன்.

"அதோ, குள்ளமா ஓடுது பாரு, அவருதான்," என்றேன்.

"நம்ம ஊர்ல எந்தத் தெருவுபா?"

"சொந்த ஊரு ராஜபாளையம். இங்க ரூம் எடுத்துக்கினு கீறாரு."

"எங்க பொறந்தா இன்னா, வாடக குடுக்கிறாரு இல்ல? நம்ம ஊருதான்!" என்றவர் எழுந்து நின்று, "சேரா! வுடாத சேரா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். வெளியூர்ப் பையன்களுக்கு ரூம் தருவதற்கே யோசிக்கிற மனுஷன் அவர்.

முடிகிற நேரத்தில் ஒரு புள்ளி பின்தங்கி இருந்தோம். பந்து கேப்டன் கையில். இரண்டு பேர் அவரை மறித்துக்கொண்டார்கள். கால் இழுத்தது, தாண்ட முடியாமல் கூடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கோட்டை! கோட்டை!"

கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் தலைக்குமேல் பந்தைத் தூக்கிவிட்டார். ஒடிசாக்காரர் அதை வாங்கி, பெட்டியை ரேக்கில் வைக்கிற மாதிரி கூடையில் வைத்துவிட்டு இறங்கினார். விசில் ஊதிவிட்டது, ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கோச் மேடம் நாற்காலியிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் "நாராயணா" என்றேன்.

அரையிறுதியில் தோற்றோம். ஆனால் சொன்ன இடத்துக்குப் போய்விட்டோம். எச்.ஆர். அதிகாரி மைதானத்துக்கே வந்து, டீம் தொடரும், ஒப்பந்தம் எல்லாருக்கும் நீளும் என்று சொன்னார். ஒடிசாக்காரரையும் ஆட்டக்காரராகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கேப்டன் ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். "ஏளா, பிள்ளைக்கு டிசி வாங்கிரு, இங்கனயே சேத்துருவோம்," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தப் பொறுப்பைப் பெருமாள் என்னிடம் கொடுத்தார் என்று நம்புகிறேன்.

படப்பையில் அவர் வாடகைக்குப் பிடித்த வீட்டில் பால் காய்ச்ச எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் மனைவி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் மனசுக்குள் என் சாமியைக் கும்பிட்டேன். பழைய வீடு, நிலைவாசல் ரொம்பத் தணிவு. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக முதுகை வளைத்துத் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். ஒடிசாக்காரர் கிட்டத்தட்ட உட்கார்ந்தே வந்தார்.

அடுப்பருகே நின்றிருந்த கோச் மேடம் கேப்டனின் மகளிடம் சொன்னார்: "பாத்துக்கோ கண்ணு. கோர்ட்ல குனிஞ்சி ஆடுங்கடான்னு தொண்ட வத்தக் கத்துனேன், ஒருத்தனும் குனியல. இங்க பாரு, எவ்ளோ அழகா குனியறானுங்க!"

சிரித்த சிரிப்பில் யாரும் அடுப்பைப் பார்க்கவில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டது.