கீழே இறங்க எஞ்சின் எதற்கு

போன மாதம் என் பழைய காரின் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி பழுதாகிவிட்டது. ஈசிஎம் என்கிறார்கள். காலையில் வண்டி நன்றாகக் கிளம்பும். வெலிங்டன் ஏற்றத்தில் சூடானதும் சொல்லாமல் நின்றுவிடும். ஓரங்கட்டி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். ஒர்க் ஷாப்பில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து புதியது வந்தது. மாட்டி முடித்த மெக்கானிக், பழைய பெட்டியை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"பழசு இந்தாங்க. கையில குடுக்கலீன்னா, மாத்தவே இல்லீன்னு நாளைக்குப் பேச்சு வருமுங்க."

எனக்குக் கை நீளவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும் ஒரு பழைய சாமானை இதேபோல ஒருவர் என் கையில் இரண்டு முறை கொடுத்திருக்கிறார். இரண்டாவது முறை கொடுத்ததைப் பற்றி நான் இதுவரை வீட்டில்கூடப் பேசியதில்லை.

சிலோன் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஜனங்கள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க். பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் கோயம்புத்தூர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய காரை வாங்கி வைத்திருந்தேன். ஆபீசில் வேறு யாரிடமும் கார் இல்லாததால் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வண்டியின் உயிர் காயிலில் இருந்தது. பேட்டரியின் சிறிய மின்சாரத்தை எஞ்சினுக்குள் பொறி தட்டும் அளவுக்குப் பெரிதாக்கித் தரும் சாமான் அது, பார்க்க டம்ளர் மாதிரி இருக்கும். என் வண்டியின் காயில் உள்ளே எங்கோ விரிசல் விட்டிருந்தது. நீண்ட ஏற்றத்தில் சூடானால் எஞ்சின் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து காயில்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். மலைக்குளிரில் அதிகம் காத்திருக்கக்கூட வேண்டியதில்லை.

அதை மாற்றிக் கொடுத்தவர் எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர். சிலோனில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லாரி ஓட்டியவர். கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப்பில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மனைவியோடு எங்கள் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வண்டியைப் பார்த்துக் கொடுப்பார். புதுக் காயில் கிடைப்பது அந்தக் காலத்தில் சுலபமில்லை. சொல்லிவைத்து, பல மாதம் கழித்துத்தான் கோயம்புத்தூர்க் கடையில் கிடைத்தது. அதை மாட்டிய அன்று பழையதைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். கழற்றினது சொந்தக்காரர் கைக்குப் போகவேண்டும், அதுதான் அங்கே கராஜ் வழக்கம் என்றார். தேய்ந்துபோன நட்டைக்கூட அவர் அப்படித்தான் திருப்பிக் கொடுப்பார்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில், கேம்ப்பிலிருந்து எங்கள் லயத்துக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பம் அவருக்குச் செய்தி கொண்டுவந்தது. அவருடைய அம்மாவும் தம்பி குடும்பமும் கப்பலில் வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களை நீலகிரிக்கு அனுப்பவில்லை. மங்களூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போட்டுவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் போகிற ரயில் கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில் நிற்கும்.

லீவ் கேட்க என் மேஜைக்கு வந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா புள்ளைய இன்னும் பாக்கலங்கையா. இங்க வந்தப்புறம் பொறந்ததுதானே. போத்தனூர்ல ஜன்னல் வழியாவாச்சும் காட்டிப்புடலாம்."

கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறி எதற்குப் போகிறாய், என் காரை எடுத்துக்கொண்டு போ என்றேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஆபீசில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஹெட் கிளார்க் ஐயா காரையே கொடுக்கிறார் என்று மாலைக்குள் லயம் முழுவதும் பேச்சு. அவர் மனைவி மாமியாருக்கென்று ரொட்டி சுட, மாவு வாங்கி வைத்தாளாம்.

மறுநாள் எங்கள் பாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் என்னோடு நடந்து வந்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான்.

"ஏனுங்க, புதுக் காயிலோடவா வண்டியக் குடுக்கறீங்க? சிலோன்காரன் கோயமுத்தூர் போறானுங்க. திரும்பி வர்றப்ப உள்ள எது இருக்குமோ, அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்."

சிரித்துவிட்டு வந்தேன். அவர்மேல் பழிபோட எனக்கு வழியில்லை. ஒர்க் ஷாப்புகளில் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுச் செத்ததை மாட்டுவது நடக்கிற காரியம்தான். ஆனால் இந்த மனிதர் அப்படிச் செய்வார் என்று நினைக்க என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. கேம்ப்பிலிருந்து வந்தவர், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பானெட்டைத் திறந்து, அவர் செய்யப் பார்த்திருந்தபடியே இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, புதுக் காயிலைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். புதியதை மஃப்ளரில் சுற்றிப் பீரோவில் வைத்தேன்.

அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை இறக்கம்தான். எங்கள் மலைக்காரர்கள் எல்லோரும் எஞ்சினை அணைத்து, கியரை விலக்கி, பிரேக்கை மட்டும் நம்பிக் கல்லாறுவரை உருட்டிக்கொண்டுதான் போவோம். பெட்ரோல் மிச்சம். கீழே இறங்க எஞ்சின் எதற்கு? மேலே வரும்போது நின்றால் ஈரத்துணி போட்டுக்கொள்ளட்டும், அதற்குள் அம்மாவைப் பார்த்து முடித்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் போத்தனூர்வரை சமவெளி இருக்கிறது என்பதும், மாசிக் கடைசியில் அந்தத் தார் ரோடு எப்படிக் காயும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வெயிலில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவன் நான். பத்து வருஷக் குளிர் அதை மறக்க வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்து சாவி வாங்கிக்கொண்டார். மனைவி குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டு, மை தீட்டி, பின் சீட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்காரம்மா என்றேன். கேட் தாண்டியதும் எஞ்சின் சத்தம் நின்று, வண்டி மெல்ல வளைவில் உருண்டு மறைந்தது. அவரும் அதற்குள் மலைப்பழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தார்.

நடந்ததைப் பின்னால் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். சமவெளியில் காரமடை தாண்டியதும் வண்டி நின்றிருக்கிறது. பானெட்டைத் திறந்த அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கும். தன் கையால் கழற்றித் துடைத்துக் கொடுத்த காயில் அல்லவா. ஈரத்துணி போட்டார், கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது. அந்த வெயிலில் துணி உடனே காய்ந்துவிட்டது. பல தடவை அப்படிப் போராடிவிட்டுக் கடைசியில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் வண்டியை ஒப்படைத்து, வழியில் வந்த பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார்கள். போத்தனூர் பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள் மட்டும் இருந்தார்களாம்.

நான் வண்டி கொடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் காலையிலேயே பஸ் பிடித்திருப்பார்கள். இதைத்தான் என்னால் எந்தப் பக்கமும் திருப்பிப் போட முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை கார் கழுவித் துடைத்து என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை ஆபீசில் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். டயர் போய்விட்டது, ஸ்டெப்னியிலும் காற்றில்லை, புறப்படும்முன் பார்க்காதது தன் பிழைதான் என்று அவர் சொன்னார்.

"அட்டன்ல லாரி ஓட்டுனேன்னு சொன்னயே, அங்க ரோடெல்லாம் தண்ணியிலயா?" என்றார் டீமேக்கர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் என் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஸ்பானர் பையோடு வந்தார். இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். பானெட்டைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், "புதுசக் கொண்டாங்கையா, மாட்டித் தாரேன்" என்றார்.

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, மஃப்ளரைப் பிரித்து, காயிலைக் கொண்டுவந்தேன். அவர் வாங்கி மாட்டினார். வயர்களை இறுக்கினார். ஸ்டார்ட் செய்து சற்று ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு பழையதைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இதையும் பத்திரமா வச்சிக்கங்க. இனி வண்டி கேட்டு வாரவங்களுக்கு ஆகும்தானே."

குரலை உயர்த்தவில்லை. என் மனைவி கொண்டுவந்த காப்பியை மறுக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

முதல் மழைக்காலத்திலேயே ரப்பர் தோட்டத்திலிருந்து தந்தி வந்தது. அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். அவர் மட்டும் போய்ச் சடங்குகளை முடித்துவிட்டுத் திரும்பினார். நான் துக்கம் கேட்க லயத்துக்குப் போனேன். துக்கம் கேட்க மட்டும் போகவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று, மழையில் அந்த மேட்டுப் பாதை முழுவதும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேதான் போனேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது என்றுகூட யோசித்திருந்தேன்.

அவர் சுவரோரம் தலை மழித்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று கையமர்த்தினேன். அவர் மனைவி நான் உட்காரப் பெட்டியொன்றைத் துடைத்துப் போட்டாள், பாலில்லாத டீ, அவர்கள் சொல்லும் சாயத்தண்ணி, கொண்டுவந்தாள். குழந்தை இப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. அது என் குடையிடம் வந்து நுனியைப் பிடித்து இழுத்தது. அவள் அதைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"முதமுதல்ல கார்ல போனது ஐயா வண்டிலதான். மாமிக்குத்தான் குடுத்துவைக்கல. நீங்க செஞ்சத நாங்க மறக்கமாட்டோங்கையா."

அவளிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை என் சட்டைப் பித்தானை வாயில் வைத்துச் சப்பியது.

"லீவ் எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன்.

"சரிங்கையா" என்றார்.

டீயைக் குடித்து முடித்து, குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.