ஒரே திரையில் இரண்டு பேர்

சர்வரில் யாராவது டெஸ்க்டாப் போடுவார்களா என்று என்னைக் கேட்காத ஆளில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் போதுமே, படமும் ஐகானும் எதற்கு என்பார்கள். எனக்குத் தெரியாதா என்ன? பட்டுக்கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்பவளே நான்தான். அது சின்ன காஞ்சிபுரத்தில் கடை மாடியில் இருக்கிறது, நான் பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். டெஸ்க்டாப்பைப் போட்டது அக்காவுக்காக.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, அதே பட்டுக்கடையின் சென்னைக் கிளையில் ஸ்டாக் பார்த்தவர். கட்டளை எல்லாம் வராது, மவுஸ் இருந்தால் எதையும் செய்துவிடுவார். இருவரும் அவரவர் இடத்திலிருந்து அந்த ஒரே டெஸ்க்டாப்பைத் திறப்போம். அவர் நகர்த்தினால் என் திரையிலும் அம்புக்குறி நகரும். சில சமயம் இருவரும் சேர்ந்து இழுப்போம், அது நடுவில் கிடந்து தள்ளாடும். என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி, போனில் ஒரு வார்த்தை கேட்காது. அதனால் சர்வரிலேயே ஒரு நோட்பேடைத் திறந்து அதில் தட்டித்தான் பேசிக்கொள்வோம்.

‘கைய எடுமா, நான் பேக்கப் எடுத்துக்கினு இருக்கேன்.’

‘எடுத்துட்டேன்க்கா. சாப்ட்டீங்களா?’

‘ஆச்சு. நீ இன்னிக்காவது சமைச்சியா, இல்ல பன்னும் டீயும்தானா?’

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்காகவே காலையில் சீக்கிரம் உட்காருவேன்.

புதிதாக வந்த மேனேஜர் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். மெஷின் திணறுகிறதாம்.

“அந்த டெஸ்க்டாப்புதான் மேடம் மெமரியத் தின்னுக்கினு இருக்குது. தூக்கிடுங்க. பேக்கப் தானா ஓடட்டும். அந்தம்மாவ சேல்ஸுக்கு மாத்திடறோம்.”

கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? மனுஷன் சொன்னது சரி, அதுதான் எனக்கு ஆத்திரம்.

டெஸ்க்டாப்பை நானேதான் நீக்க வேண்டியிருந்தது. நோட்பேடில் அக்கா கடைசியாக எழுதியிருந்தார்: ‘வர்றேம்மா. வேளைக்கு சாப்பிடு.’ மூடப் போனால், சேமிக்கவா வேண்டாமா என்று ஒரு பெட்டி வந்து நின்றது. போ சனியனே என்று வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, அடுப்படியில் போய் அழுதேன்.

ஒரு மத்தியானம் தறி நின்ற நேரம் பார்த்து அவருக்குப் போன் செய்தேன்.

“கஸ்டமர் இருக்காங்கம்மா, முகூர்த்த சீசன். அப்புறம் பேசறேன்.”

அப்புறம் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்கு நடுவில் பேசிப் பழகியவர்கள் நாங்கள், பேசுவதற்கென்றே கூப்பிட்டால் என்னத்தைப் பேசுவது?

மெஷின் இப்போது பறக்கிறது. மேனேஜருக்கு ஏக சந்தோஷம். சர்வருக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் தட்டுகிறேன். ஒரு வரி வருகிறது, என் பெயர்.