இரண்டு வீட்டுக்கு ஒரு செவலை நாய்

எங்கள் நாயின் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைத்துக்கொண்டு வந்த அன்று, என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாட்டு நாய்க்கு ஆதார் கார்டா? நல்லா இருக்குதும்மா உன் கூத்து!" சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். செவலை நிறம், வெள்ளைக் கால். எங்கள் காஞ்சிபுரத்தில் தெருவுக்கு நாலு நாய் அப்படித்தான் இருக்கும். தொலைந்தால் எதை வைத்து அடையாளம் சொல்வது?

தொலைந்தே போனது. நாளெல்லாம் அவர் தறியருகே படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்காத நாய், கருட சேவைக்கு வெடித்த வெடியில் மிரண்டு ஓடிவிட்டது. "சிப்பு வெச்சியே, எங்க இருக்குதுன்னு போன்ல பாரேன்" என்றார் அவர். எனக்கு வந்ததே கோபம்! அது வழியெல்லாம் காட்டாது, யாராவது பிடித்துக் கருவியை வைத்துப் பார்த்தால் நம்பர் சொல்லும், அவ்வளவுதான் என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். சோறு இறங்கவில்லை.

பிறகு தாமல் ஏரிக்கரையில் யாரோ எடுத்த செவலை நாய்ப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு இருவரும் ஆட்டோ பிடித்து ஓடினோம். அங்கே ஒரு வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்த வீட்டு அம்மாவைப் பார்த்தும் அதே ஆட்டு ஆட்டியது, துரோகி!

"இது எங்களுதும்மா. காணாம போயி, இப்பதான் எளைச்சிப்போயி திரும்பி வந்துகீது. கூப்பிட்டா வருது பாரு" என்றார் அந்த அம்மா. பொய் சொல்லும் முகமில்லை. அவர்கள் தொலைத்ததும் செவலைதானாம், வெள்ளைக் கால்தானாம். இதற்குள்ளே சிப் இருக்கிறது என்றேன். "அப்போ பாத்துடலாம் வா" என்று, கயிற்றை விடாமல் எங்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் கால்நடை டாக்டரம்மா கருவியைக் கழுத்தில் ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. மறுபடியும் ஓட்டினார். இல்லை. அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இருங்க, சில நேரம் உள்ளயே நகர்ந்துடும்" என்று டாக்டரம்மா தோள், முன்னங்கால் என்று இறக்கிக்கொண்டே வந்தார். முட்டிக்குச் சற்று மேலே 'பீப்' என்றது. அவர் படித்துக் காட்டியது எங்கள் நம்பர்தான். அப்பாடா! அப்படியே தரையில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டேன். போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு அவ்வளவு சிரித்த மனிதர், சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கயிற்றை என் கையில் கொடுத்தார். நாயின் தலையை ஒருமுறை தடவினார். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டார்:

"அப்போ எங்க நாயி இன்னும் வரவே இல்லியாமா?"